முப்பத்தொரு கவர்கள்

சனிக்கிழமை காலை எட்டரைக்கு அழைப்பு மணி அலறியபோது, சின்னு சாப்பாட்டு மேஜை முழுக்கப் பெயர் ஸ்டிக்கர்களைப் பரப்பி வைத்திருந்தாள். கதவைத் திறக்காமலேயே ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. அண்ணன் மணியை ஒரே ஒரு தடவைதான் அடிப்பான். ஆனால் கதவு திறக்கும்வரை விரலை எடுக்க மாட்டான்.

"எடுத்திட்டியா?" என்றான். ஷூவைக்கூடக் கழற்றவில்லை.

"முதல்ல உள்ள வா."

"எடுத்திட்டியா, இல்லையா?"

"இல்ல."

அண்ணன் உள்ளே வந்து மேஜையைப் பார்த்தான். 'சம்பளச் சீட்டு', 'மூன்றாம் நேர்காணல்', 'நோட்டீஸ் பீரியட்' என்று ஒவ்வொரு ஸ்டிக்கரிலும் ஒரு பெயர்.

"இதெல்லாம் மனுஷங்க பேரா?"

"மனுஷங்கதான். உன்ன மாதிரி ஹெச்.ஆர். ஆளுங்க. மத்தியானம் மூணு மணிக்கு மொத மொத நேர்ல பாத்துக்கப் போறாங்க. அறுபத்திரண்டு பேர்."

"மூணு மணிக்கு உன் கூட்டம். திங்கக்கிழமை எனக்குப் பால் ஊத்துற கூட்டம். ரொம்ப சந்தோஷம்."

சின்னுவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். அண்ணனுக்குக் கோபம் வந்தால்தான் பேச்சில் ருசி வரும். ஆனால் இன்றைக்கு அவன் கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருந்தது.

வீட்டின் கடைக்குட்டி என்பதால் சின்னு. வேலைக்குப் போகும் இடத்தில் அவள் 'மேடம்'. ஹோட்டல்களின் விரிப்புகளையும் துண்டுகளையும் வெளுத்துத் தேய்த்து அனுப்பும் ஒரு பெரிய சலவை நிறுவனத்தில் ஹெச்.ஆர். அதிகாரி. நூற்று நாற்பது பேரின் வேலை, விடுப்பு, சண்டை, சமாதானம் எல்லாம் அவள் தலையில்.

இரண்டு வருடத்துக்கு முன் அங்கே வருகைப் பதிவுக்குக் கைரேகை மெஷின் வந்தது. நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறிய விரல்களை அது ஏற்கவே இல்லை. வேலைக்கு வந்து நிற்கிறவளைப் பார்த்து, 'ஆள் இல்லை' என்றது. அதைச் சின்னு ஒரு வலைப்பூவில் எழுதிப் போட்டாள். ஏழு பின்னூட்டங்கள் வந்தன. கட்டட வேலைக்கு ஆள் எடுக்கும் ஒருவர், செங்கல் தேய்த்த விரல்களிலும் ரேகை இருப்பதில்லை என்று எழுதினார். ஏழு பேருமே ஹெச்.ஆர். ஏழு பேருமே எங்கோ ஒரு மூலையில் தனியாக எழுதிக்கொண்டிருந்தவர்கள்.

அன்றைக்குப் பிடித்தது அவளுக்கு இந்தப் பித்து. வேலை விட்டு வந்ததும் உட்கார்ந்து தேடினாள். முப்பத்தேழு வலைப்பூக்கள் கிடைத்தன. பாதி தூசி படிந்து கிடந்தன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கடிதம் எழுதினாள். வெட்டி ஒட்டிய கடிதம் இல்லை, அவர்களுடைய ஒரு பதிவையாவது படித்துவிட்டு எழுதிய கடிதம். பதினோரு பேர் பதில் போட்டார்கள். அந்தப் பதினொன்று இப்போது நானூற்றுப் பன்னிரண்டு. தளத்தின் பெயர் 'உள்ளே வரலாமா'. ஹெச்.ஆர். அறைக் கதவில் தலையை நீட்டுகிற யாரும் முதலில் கேட்பது அதைத்தானே!

விதிகள் மூன்றே மூன்று. நிறுவனத்தின் பெயர் வரக் கூடாது. தன் பதிவைப் போடும் முன் மற்றவர் பதிவு இரண்டைப் படித்துக் கருத்துச் சொல்ல வேண்டும். வேலை செய்கிறவர் இன்னார் என்று கண்டுபிடிக்கும்படி ஒரு சொல்கூட இருக்கக் கூடாது.

உறுப்பினர்களின் உண்மைப் பெயர் சின்னுவுக்கே தெரியாது. வேறொரு ஊரில் இருக்கும் 'விடுப்பு விண்ணப்பம்' என்ற இன்னொரு அட்மின்தான் வேலை அடையாள அட்டையைச் சரிபார்த்து, உடனே அழித்துவிடுவாள். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தவளே சின்னுதான்.

போன சனிக்கிழமை 'காலி நாற்காலி' என்ற புனைபெயரில் ஒரு பதிவு வந்தது. தலைப்பு, 'முப்பத்தொரு கவர்கள்'. ஒரு தொழிற்சாலையில் ஒரு பிரிவை மூடுகிறார்கள். மனிதவள மேலாளர் கேன்டீனில் முப்பத்தொரு பேரை உட்கார வைத்து, நாற்பது நிமிடத்தில் ஆளுக்கொரு கவரைக் கொடுத்து அனுப்புகிறார். ஒரே வாரத்தில் ஒன்பதாயிரம் பேர் படித்துவிட்டார்கள்.

அண்ணன், ஃபிரிஜ் கதவைச் சுற்றி ஒட்டும் ரப்பர் பட்டை செய்யும் தொழிற்சாலையில் மனிதவள மேலாளர். அங்கே போன மாதம் ஒரு பிரிவை மூடினார்கள். முப்பத்தொரு பேர்.

வியாழக்கிழமை தொலைபேசியில் அவன் சொன்னது இதுதான். "சனிக்கிழமைக்குள்ள அத எடு. இல்லன்னா எனக்குத் தங்கச்சின்னு ஒருத்தி இல்லன்னு நெனச்சுக்கறேன்."

இப்போது அவனே வந்து நிற்கிறான்.

"எம்.டி. என்னைக் கூப்பிட்டு என்ன கேட்டார் தெரியுமா?" அண்ணன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "'இவ்வளவு விவரமா ஒரு ஹெச்.ஆர். ஆள்தான் எழுத முடியும். இங்க இருக்கிற ஹெச்.ஆர். ஆள் நீங்க ஒருத்தர்தான்'னார். நான் எழுதலன்னு சத்தியம் பண்ணேன். 'அப்படின்னா எடுக்க வைங்க, திங்கக்கிழமை பேசுவோம்'னார். அந்த சைட்ட நடத்துறது என் தங்கச்சிதான்னு தெரிஞ்சா அன்னைக்கே கவர் முப்பத்திரண்டு."

"அதுல உங்க கம்பெனி பேர எங்க போட்டிருக்கு? காட்டு."

"பேர் வேணுமா? படிக்கிறவனுக்கெல்லாம் தெரியுது!"

"தெரிஞ்சவனுக்குத் தெரியும். தெரியாதவனுக்கு அது எந்தத் தொழிற்சாலையாவும் இருக்கலாம். அண்ணா, ஒரு மேலாளர் கேட்டார்னு ஒரு பதிவ எடுத்தேன்னா, நாளைக்கே நானூறு மேலாளர் வரிசையில நிப்பாங்க. அப்புறம் அங்க மிஞ்சப் போறது பண்டிகை வாழ்த்து மட்டும்தான்."

"சரி, உன் விதியவே எடுத்துக்கோ." அண்ணன் செல்போனை எடுத்து எம்.டி. அனுப்பிய படத்தைக் காட்டினான். பதிவின் முன்பாதி. ஒரு வரியின் மேல் விரலை வைத்தான். "வேலை செய்றவங்க யார்னு தெரியக் கூடாது. அதானே உன் மூணாவது விதி? இதப் படி."

'வலது கையில் சுண்டு விரல் இல்லாத அந்த ஆபரேட்டர் கடைசி மேஜையில் உட்கார்ந்திருந்தார்.'

"எங்க ஷெட்ல சுண்டு விரல் இல்லாதவர் ஒரே ஒருத்தர்தான், சின்னு. அவர் வேற எடத்துல வேலை கேட்டுப் போயிருக்கார். 'நீதானே அந்தக் கதையில வர்ற ஆளு'ன்னு கேட்டிருக்கான் ஒருத்தன். வேலையும் கொடுக்கல."

சின்னு செல்போனை வாங்கித் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

அவள் அந்த வரியைப் படித்திருந்தாள். ஒரு தடவை இல்லை, பத்துத் தடவை. எண்ணூறு, இரண்டாயிரம் என்று பார்வைகள் ஏறிக்கொண்டே போன சந்தோஷத்தில், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டியவள் கோட்டை விட்டிருக்கிறாள்.

"நீ சொல்றது சரி," என்றாள். "அது என் தப்பு."

அண்ணன் இதை எதிர்பார்க்கவில்லை. சண்டைக்குத் தயாராக வந்தவனுக்குக் கைக்கு வாகான ஆயுதம் போன மாதிரி இருந்தது. "அப்ப எடுத்திடு."

"அந்த வரிய எடுக்கறேன். பதிவ எடுக்க மாட்டேன். எழுதினவங்ககிட்ட கேட்டுட்டு இப்பவே மாத்தறேன். அட்மின் தப்பு பண்ணிட்டாங்கன்னு மேலயே நான் எழுதிப் போடறேன். அந்த ஆபரேட்டருக்கு நான் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கேன். உங்க எம்.டி.க்கு இல்ல."

மடிக்கணினியைத் திறந்து 'காலி நாற்காலி'க்கு மூன்று வரியில் செய்தி அனுப்பினாள். அடையாளம் தெரிகிறது, மாற்ற வேண்டும், சம்மதமா? பிறகு, வேறு எங்காவது இப்படித் தப்பியிருக்கிறதா என்று பார்க்க, பதிவைச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள். படத்தில் இல்லாத பின்பாதி.

"'அந்த ஆபரேட்டர் கவரைப் பிரிக்கவில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அச்சு சூடா இருக்கு சார், இந்த ஒரு லோடை முடிச்சிட்டுப் போகட்டுமா என்று கேட்டார். மேலாளர் சரி என்றார். முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.'"

"இதெல்லாம் அதுல இருக்கா?" அண்ணனின் குரல் இறங்கியிருந்தது.

"இருக்கு. ஏன், நீ முழுசாப் படிக்கலையா?"

"அவர் அனுப்பினதத்தான் படிச்சேன்."

"'பிறகு மேலாளர் தன் காருக்குப் போனார். சாவியைத் தேடினார். பையில், பெட்டியில், சீட்டுக்கடியில். பத்து நிமிடம் தேடினார். சாவி அவர் இடது கையிலேயே இருந்தது.'"

அண்ணன் எழுந்துவிட்டான்.

"என்னண்ணா?"

"அங்க யாருமே இல்ல." தனக்குள் பேசுகிறவன் போலச் சொன்னான். "வண்டி நிறுத்துற எடத்துல ஒரு ஈ காக்கா இல்ல. சாவி விஷயம் யாருக்கும் தெரியாது. நான் யார்கிட்டயும்..."

நிறுத்தினான்.

சின்னு அவன் முகத்தையே பார்த்தாள். முதலில் குழப்பம், பிறகு ஒரு கணக்கு, பிறகு அந்தக் கணக்கின் விடை. மூன்றும் அந்த முகத்தில் வரிசையாக வந்தன.

"ஒருத்திகிட்டதான் சொன்னேன்," என்றான்.

"அண்ணா..."

அவன் நிற்கவில்லை. ஷூ மாட்டும் வேலையும் இல்லை, கழற்றவே இல்லையே! லிஃப்டுக்குக் காத்திருக்கவும் பொறுமை இல்லாமல் படியில் தடதடவென்று இறங்கிப் போகும் சத்தம் கேட்டது.

அண்ணி! சின்னு அப்படியே உட்கார்ந்தாள். மருத்துவமனையில் நர்ஸ்களை நேர்காணல் செய்து எடுக்கிற அண்ணி. 'உங்க எழுத்துக் கூட்டத்துக்கெல்லாம் எனக்கு நேரம் ஏது சின்னு?' என்று வருகிற போதெல்லாம் கேட்கிற அண்ணி.

கணினியில் டிங் என்று ஒரு சத்தம். காலி நாற்காலியின் பதில்.

'மாற்றிவிடுங்கள். அந்த விரலை நான் எழுதியிருக்கவே கூடாது. அந்தக் கையைப் பற்றிக் கேள்விப்பட்டபோது எனக்கு அழுகை வந்தது, அதனால் எழுதினேன். அழுகை வந்தது என்பது ஒரு காரணமா?'

சின்னு முதலில் வரியை மாற்றினாள். பதிவின் தலைமாட்டில் தன் பெயர் போட்டு நான்கு வரி எழுதினாள்: இன்ன தவறு நடந்தது, கவனிக்க வேண்டியவள் நான், கவனிக்கவில்லை, மன்னிக்கவும். அதை வெளியிட்ட பிறகுதான் மூச்சு விட்டாள்.

பிறகு விடுப்பு விண்ணப்பத்துக்கு, 'ஒரு சந்தேகம்' என்று தட்டினாள்.

உடனே பதில் வந்தது. 'காலி நாற்காலி யார்னு கேக்கப் போறீங்களா?'

சின்னுவின் விரல் கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்துவிடும். அண்ணியாக இருந்தால் ஓடிப் போய் நடுவில் நிற்கலாம். வேறு யாராவதாக இருந்தால் அண்ணனைத் தடுக்கலாம்.

'இல்ல,' என்று எழுதினாள். 'ஸ்டிக்கர் போதுமான்னு கேக்க வந்தேன்.'

'பொய். ஆனா நல்ல பொய். கேட்டிருந்தா இன்னையோட அட்மின் வேலைய விட்டிருப்பேன்.'

அண்ணிக்கு ஃபோன் செய்யலாமா என்று இரண்டு தடவை எடுத்து வைத்தாள். செய்து என்னவென்று கேட்பது? யார் என்று கேட்காமல் இருப்பதற்குத்தானே இவ்வளவு ஏற்பாடும்! ஸ்டிக்கர்களை அடுக்கிப் பெட்டியில் போட்டாள். குளித்தாள். தலையை இறுக்கிப் பின்னிக்கொண்டாள். கூட்டம் நடத்துகிறவள் முகத்தை வைத்துக்கொண்டுதான் வீட்டை விட்டுக் கிளம்பினாள்.

அறைகலன் கடைக்கு மாடியில் இருந்தது பயிற்சிக் கூடம். எழுதுவதற்குக் கைப்பலகை வைத்த நாற்காலிகள். வெள்ளைப் பலகையில் முன்பு வந்த யாரோ வரைந்த முக்கோணம் அழியாமல் கிடந்தது. சின்னு அதைத் தண்ணீர் தொட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள்.

அந்தக் காட்சியைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. எழுத்து மட்டும் தெரியும். சட்டையில் ஸ்டிக்கரைப் பார்த்ததும்தான் கூச்சல்.

"நீங்கதான் சம்பளச் சீட்டா? நான் உங்கள அறுபது வயசு மனுஷன்னு நெனச்சேன்!"

"எழுதறப்ப எனக்கு அறுபதுதாங்க!" என்றாள் சம்பளச் சீட்டு. அவளுக்கு இருபத்தாறு இருந்தால் அதிகம்.

நோட்டீஸ் பீரியட் என்பவர் ஆறடி உயரம். தளத்தில் எல்லோரையும் ஒரு பிடி பிடிக்கிற மனிதர், நேரில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, "தண்ணி எங்கங்க இருக்கு?" என்று ஈனசுரத்தில் கேட்டார்.

மூன்று அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது வாசலில் அண்ணி வந்து நின்றாள். மருத்துவமனை அடையாள அட்டை இன்னும் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. நேராக மேஜைக்கு வந்தாள். பரப்பிக் கிடந்த ஸ்டிக்கர்களில் விரலால் தேடி, ஒன்றை எடுத்து, உரித்து, துணி சுருங்காமல் நிதானமாகத் தோளில் ஒட்டிக்கொண்டாள்.

காலி நாற்காலி.

"வர்றேன்னு பதிவு பண்ணது நாந்தான் சின்னு. வரலாமா வேணாமான்னு காலைல வரைக்கும் யோசிச்சேன்."

சின்னு அவள் கையைப் பிடித்து நடைபாதைக்கு இழுத்துக்கொண்டு போனாள். "அண்ணன் வந்தானா?"

"வந்தார். ரெண்டு இன்டர்வியூவுக்கு நடுவுல வந்து நின்னார். கேண்டிடேட் உட்கார்ற சீட்ல உட்கார வெச்சேன். என் ஃபோனக் கையில குடுத்து, கடைசி வரைக்கும் படிங்க, அப்புறம் திட்டுங்கன்னேன்."

"படிச்சானா?"

"படிச்சார்."

"என்ன சொன்னான்?"

"எழுத்துப் பிழை ரெண்டு இருக்குன்னார்."

சின்னு வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணியும் சிரித்தாள்; சிரித்த கையோடு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அவர் அன்னைக்கு வந்து கேன்டீன், விரல் இல்லாதவர், சாவின்னு எல்லாத்தையும் ஒரே மூச்சுல சொன்னார் சின்னு. அதோட சரி. அதுக்கப்புறம் ஒரு மாசம், குழம்புல உப்பு இருக்கா இல்லையான்னுகூடப் பேசல. நானும் இந்த வேலைதான் செய்றேன். அவர்கிட்ட போய், எப்படி இருந்துச்சுன்னு கேக்க எனக்கு வாய் வரல. எழுதினாதான் புரியும்போல இருந்துச்சு. எழுதினேன். அவர மாட்டி விடணும்னு இல்ல."

"ஆனா மாட்டிக்கிட்டான்."

"ஆமா. அது என் தப்பு. திங்கக்கிழமை நானே அவங்க எம்.டி.கிட்ட போய்ச் சொல்றேன்னு சொல்லிட்டேன். வேணாங்கறார். அங்கதான் சண்டை நிக்குது. பாதில விட்டுட்டு வண்டி நிறுத்த எடம் தேடிட்டு இருக்கார்."

"இங்கயா வந்திருக்கான்?"

"பின்ன? என்னைக் கொண்டு வந்து விட்டதே அவர்தான்."

கூட்டம் தொடங்கியது. சின்னு வரவேற்புரை ஒன்று எழுதி வைத்திருந்தாள். அதை மடித்து ஓரமாக வைத்தாள்.

"வந்ததுக்கு எல்லாருக்கும் நன்றி. மொதல்ல ஒரு தப்ப ஒத்துக்கணும்," என்று ஆரம்பித்து, விரல் விஷயத்தை ஒளிவு மறைவில்லாமல் சொன்னாள். ஒருவருக்கு வேலை கிடைக்காமல் போனதையும் சொன்னாள். "நாம ஜாக்கிரதையா எழுதலன்னா யாருக்கு அடி விழும்னு இப்ப தெரிஞ்சு போச்சு. நமக்கு விழாது. இனிமே ஒரு பதிவ ரெண்டு பேர் படிச்சு, கையெழுத்துப் போட்ட பிறகுதான் வெளிய வரும். ரெண்டாவது ஆளா யார் யார் வர்றீங்க?"

பன்னிரண்டு கைகள் உயர்ந்தன. நோட்டீஸ் பீரியட்டின் நீண்ட கை எல்லாவற்றுக்கும் மேலே.

"அந்தப் பதிவையே தூக்கிட்டா என்ன?" என்று மூன்றாம் நேர்காணல் கேட்டார். "எங்க கம்பெனியில கண்டுபிடிச்சா எனக்கு வேலை போயிடும். நாம என்ன, வம்பு வளக்கவா கூடியிருக்கோம்?"

"அப்ப எதுக்குக் கூடியிருக்கோம்?" என்றாள் சம்பளச் சீட்டு. "சிரிச்ச முகமா இருங்கன்னு பத்து வழி எழுதவா?"

சலசலப்பு. அதற்கு நடுவில், கடைசி வரிசைக்குப் பின்னால் கதவோரம் நின்றிருந்த ஒருவன் தொண்டையைச் செருமினான். அவன் சட்டையில் ஸ்டிக்கர் இல்லை.

"அந்தக் கவருங்களக் குடுத்தவன் நான்தாங்க," என்றான் அண்ணன்.

எல்லாத் தலைகளும் கதவுப் பக்கம் திரும்பின.

"நான் உங்க ஆள் இல்ல. எழுதத் தெரியாது. திட்டலாம்னுதான் காலைல கிளம்பினேன். ஆனா அறுபது ஹெச்.ஆர். ஆளுங்கள ஒரே ரூம்ல நான் பாத்ததே இல்ல. அதனால ஒண்ணு கேக்கறேன்." நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான். "முப்பத்தொரு கவரக் குடுக்கச் சொன்னா, நீங்க எப்படிக் குடுத்திருப்பீங்க? நாற்பது நிமிஷத்துல முடிக்கணும்னு எனக்கு உத்தரவு. பதினாறு வருஷ சர்வீஸ்ல இத யாரும் எனக்குச் சொல்லித் தரல. நானும் யார்கிட்டயும் கேக்கல."

சின்னு வரிசை வரிசையாக முகங்களைப் பார்த்தாள்.

ஈனசுரத்தில் தண்ணீர் கேட்ட நோட்டீஸ் பீரியட்தான் முதலில் எழுந்தார். "நான் கொடுத்திருக்கேன். பத்தொன்பது. மொத்தமா உட்கார வெச்சது தப்புங்க. ஒவ்வொருத்தரையும் தனியாப் பாக்கணும். ரெண்டு நாள் ஆனாலும் ஆகட்டும்னு சண்டை போட்டிருக்கணும். நானும் போடல. அதான் சொல்றேன்."

அப்புறம் பேச்சு பிய்த்துக்கொண்டது. ஒருத்தி, கவரோடு அனுபவச் சான்றிதழையும் அன்றைக்கே கையில் கொடுக்க வேண்டும் என்றாள். இன்னொருவர், யாருக்கு என்ன வேலை தெரியும் என்று ஒரு பட்டியலாவது போட்டுக் கொடுத்தீர்களா என்று கேட்டார்.

"பட்டியல் இருக்கு," என்றான் அண்ணன். "என் மனசுலயே இருக்கு. எட்டு பேர் ரப்பர் அச்சு ஆபரேட்டர். ஆறு பேர் தரம் பாக்கறவங்க. ஒன்பது பேர் பேக்கிங். மத்தவங்க லோடிங், ஸ்டோர்ஸ்."

"பேக்கிங்கா?" சம்பளச் சீட்டு எழுந்து நின்றாள். "எங்ககிட்ட பேக்கிங்ல நாலு எடம் காலியா இருக்கு. ரெண்டு மாசமா ஆள் தேடறேன்!"

அந்த ஒரு வார்த்தைதான். கூடத்தில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆள் எடுக்கிற வேலையில் இருக்கிறவர்கள் அறுபது பேர் ஒரே கூரைக்குக் கீழே உட்கார்ந்து, வேலை போனதைப் பற்றி ஒரு வாரமாகப் பின்னூட்டம் போட்டிருக்கிறார்கள். இது ஒருவர் மண்டையிலும் உதிக்கவில்லை.

சின்னு மார்க்கரை எடுத்து வெள்ளைப் பலகைக்கு ஓடினாள். "ஒவ்வொருத்தரா சொல்லுங்க. என்ன வேலை, எத்தனை எடம். கம்பெனி பேர் வேணாம், அதத் தனியா அவர்கிட்ட குடுங்க."

"ரப்பர் இல்ல, பிளாஸ்டிக் அச்சு. பரவாயில்லையா?"

"ஒரு வாரத்துல கத்துப்பாங்க," என்றான் அண்ணன்.

"அப்ப மூணு எழுதிக்கோங்க."

"ஸ்டோர்ஸ் ரெண்டு."

"எங்களுது ராத்திரி ஷிப்ட். ஆனா வண்டி வரும். தரம் பாக்க ரெண்டு."

பதிவை எடுத்துவிடலாமே என்று கேட்ட மூன்றாம் நேர்காணலும் மெதுவாகக் கை தூக்கினார். "என் பேர் வெளிய வராதுன்னா... அச்சு ஆபரேட்டர் ஒண்ணு. அந்த விரல் விஷயம் சொன்னீங்களே, அவரையே மொதல்ல அனுப்புங்க. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

அண்ணன் அவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான்.

ஐந்து மணிக்குப் பலகையில் கூட்டிப் பார்த்தார்கள். பதினேழு இடம். முப்பத்தொன்று இல்லைதான். ஆனால் காலையில் அது பூஜ்யம்.

ஆட்கள் போகவே மனசில்லாமல் போனார்கள். படிக்கட்டு முழுக்கப் பேச்சு, ஃபோன் நம்பர், அடுத்த மாசம் எங்கே என்ற கேள்வி. நாற்காலிகளை அடுக்கி வைக்க மூன்று பேர்தான் மிச்சம். அண்ணன் ஒரு பக்கம், அண்ணி ஒரு பக்கம், நடுவில் சின்னு. காலைச் சண்டைக்குப் பிறகு அண்ணனும் அண்ணியும் நேரடியாக ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

"அவளக் கேளு," என்றான் அண்ணன் சின்னுவிடம். "கடைசி வரி எப்ப எழுதினான்னு."

'அவர் கல் நெஞ்சுக்காரர் இல்லை. கல்லாக இருந்திருந்தால் சாவி கையில் இருப்பது தெரிந்திருக்கும்.' அந்த வரியைத்தான் கேட்கிறான் என்று சின்னுவுக்குப் புரிந்தது.

"அவரையே கேக்கச் சொல்லு," என்றாள் அண்ணி.

"நான் என்ன தபால்காரியா?" சின்னு நாற்காலியை டமால் என்று போட்டாள். "ரெண்டு பேரும் பேசிக்கங்க, நான் ஜன்னல் சாத்தப் போறேன்."

அவள் முதல் ஜன்னலைச் சாத்துவதற்குள் அண்ணனின் செல்போன் அடித்தது. திரையைப் பார்த்ததும் அவன் முதுகு நிமிர்ந்தது.

"எம்.டி."

"எடுங்க," என்றாள் அண்ணி. ஒரு மாதத்துக்குப் பிறகு அவனைப் பார்த்து அவள் நேராகச் சொன்ன வார்த்தை, காலைச் சண்டையைக் கழித்துவிட்டால், அதுதான்.

எடுத்தான். "சொல்லுங்க சார்... பாத்தேன் சார். ஒரு வரி மாத்தியிருக்காங்க. நியாயமான மாத்தம்... இல்ல சார், முழுசா எடுக்க மாட்டாங்க. நானும் இனிமே கேக்க மாட்டேன்."

சின்னு ஜன்னல் கொக்கியைப் பிடித்தபடியே நின்றாள்.

"எழுதினது யார்னு தெரியும் சார். என் மனைவி. நடத்தறது என் தங்கச்சி. சொன்னது நான். அதனால கேக்கறதா இருந்தா என்னைக் கேளுங்க... சார், இன்னொண்ணு. நம்ம ஆளுங்கள்ல பதினேழு பேருக்கு எடம் கிடைச்சிருக்கு. திங்கக்கிழமை அனுபவச் சான்றிதழ்ல நீங்க கையெழுத்துப் போடணும். முப்பத்தொண்ணுக்குமே தயாரா கொண்டு வரேன்."

அந்தப் பக்கம் நெடுநேரம் பேச்சு. அண்ணன் "சரி", "சரி சார்" என்பதைத் தவிர ஒன்றும் சொல்லவில்லை. முகத்தை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. பதினாறு வருட ஹெச்.ஆர். முகம். கடைசியில் ஃபோனை அணைத்துப் பையில் போட்டான்.

"என்னண்ணா சொன்னார்?"

"திங்கக்கிழமை பத்து மணிக்கு அவர் ரூமுக்கு வரச் சொன்னார்."

"உன்னையா?"

"நம்ம மூணு பேரையும்."

"எதுக்காம்?"

"அதச் சொல்லல. குரல வெச்சும் ஒண்ணும் புரியல."

சின்னு அண்ணியைப் பார்த்தாள். அண்ணி கடைசி நாற்காலியை அடுக்கின் மேல் தூக்கி வைத்து, கையைத் தட்டிக்கொண்டாள்.

"பத்து மணிக்கு எனக்கு நர்ஸ் இன்டர்வியூ இருக்கு," என்றாள் கணவனைப் பார்த்து. "பதினொண்ணுன்னு மாத்தச் சொல்லுங்க."